பூட்டிய அலமாரியும் தேயிலை மலையும்

1931ஆம் ஆண்டு தமிழர்களைத் தேடி இரண்டு வண்டிகள் புறப்பட்டன. ஒன்று மாட்டுவண்டி. தஞ்சை மாவட்டம் மன்னார்குடியில் ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை என்பவர், வண்டி நிறையப் புத்தகங்களை அடுக்கிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். நடமாடும் நூலகம் என்று இன்று நாம் சொல்கிறோமே, அதன் தமிழ்நாட்டுத் தொடக்கம் அதுதான். தொடங்கி வைத்தவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த சீர்காழி இரா. அரங்கநாதன். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

இன்னொன்று லாரி. மலாயாவின் பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து பகாங்கின் கேமரன் மலைக்கு ஏறும் பாதை 1931இல் முடிந்தது. வளைந்து வளைந்து மேலே போன அந்தப் பாதையில் சிமெண்டும் இயந்திரமும் அரிசியும் போயின. தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர்களும் போனார்கள். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் தங்கியவன் வீட்டு வாசலுக்குப் புத்தக வண்டி வந்தது. அவனுடைய பங்காளி மலைக்கு ஏறினான். அவனுக்கு எந்த வண்டி வந்தது?

கேமரன் மலையை 1885இல் அளக்க வந்தவர் வில்லியம் கேமரன். மலைக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். நாற்பது ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, வெள்ளைக்காரர் இளைப்பாறக் குளிர்ந்த இடம் இதுதான் என்று முடிவு செய்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கினார். உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரம் அது. கோவேறு கழுதைகளையும் ஒற்றை நீராவி உருளையையும் வைத்துக்கொண்டு அந்தச் செங்குத்தான காட்டை அழித்தார்கள் என்று தோட்ட வரலாறு சொல்கிறது. கழுதைக்கும் உருளைக்கும் வரலாற்றில் இடம் கிடைத்திருக்கிறது. காட்டை வெட்டிய கைகளுக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. புளூ வேலி போன்ற தோட்டங்களும் அந்தக் காலத்தவையே. 1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுக் கப்பலேறும் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. ஆக, கங்காணி ஆள்கட்டும் முறையின் கடைசிப் பத்தாண்டில் உருவான தமிழ்க் குடியிருப்புகள் இவை. ரப்பர்த் தோட்டங்களைப் போல முந்திய பழக்கம் எதுவும் இல்லாமல், லயத்துக் கூரைக்கடியில் குளிரோடு வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் அந்த மக்கள்.

அவர்களிடம் எழுத்து முதன்முதலில் வந்து சேர்ந்தது எப்படி என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டுப் பதிகிறார்களே, அந்தப் புத்தகம்தான் தோட்டத்தின் முதல் புத்தகம். மலைச்சரிவில் கூடையை இறக்கித் தராசில் மாட்டியதும் எடையை எழுதிக்கொள்கிறார்களே, அது இரண்டாவது புத்தகம். கொழுந்து பறித்தவள் தன் கூடையின் கனத்தை முதுகால் அறிவாள். எழுதப்பட்ட எண் அந்தக் கனத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை அறிய அவளுக்கு வழியில்லை. கிராணி சொன்னதுதான் கணக்கு. கடையில் பற்று எழுதுகிறவர் சொன்னதுதான் கடன். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டவும் ஒருவரைத் தேடிப் போக வேண்டும். வீட்டு இரகசியம் அவர் வாய் வழியாக வந்துதான் வீட்டுக்குள் நுழையும். தோட்டப்புறத்தில் எழுத்தறிவு என்பது நாகரிகத்துக்கான அலங்காரமாக இருந்ததே இல்லை. அது கூலிப் பிரச்சினை, மானப் பிரச்சினை.

மலாயாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் ஒரு தமிழ் வகுப்போடு தொடங்கியது என்பதைப் பலரும் அறிவார்கள். தோட்டங்களுக்குப் பள்ளியைக் கொண்டு வந்தது சட்டம். கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், பின்னர் 1923ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்ற பொறுப்பைச் சுமத்தின. பகாங்கும் அந்தக் கூட்டு மாநிலங்களுள் ஒன்று.

சட்டம் பள்ளியைக் கேட்டது. எப்படிப்பட்ட பள்ளி என்று அழுத்திக் கேட்கவில்லை. ஆகவே பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, ஓர் ஆசிரியர் என்ற அளவில் கடமை முடிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ வாத்தியாராக நின்ற இடங்களும் உண்டு. பாடப்புத்தகங்கள் சென்னையிலிருந்து வந்தன. காவிரியும் கங்கையும் அவற்றில் இருந்தன. பகாங் ஆறு இல்லை. அந்தப் பாடப்புத்தகத்தைத் தவிர வேறு புத்தகத்தைப் பிள்ளை தொடுவது எங்கே? நூலகம் என்பது பெரும்பாலான தோட்டப் பள்ளிகளுக்கு நீண்ட காலம் ஓர் அலமாரி மட்டுமே. அதற்கும் பூட்டு இருக்கும். சாவி தலைமையாசிரியர் மேசையில் இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆய்வாளர் வந்து எண்ணிப் பார்க்கும்போது ஒரு புத்தகம் குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். புத்தகம் பயன்படுவதற்கே என்று அரங்கநாதன் வகுத்த முதல் விதியைக் கடல் தாண்டிவந்து முறியடித்தது இந்தச் சிறு பூட்டுத்தான்.

அதற்காகத் தோட்டத்தில் வாசிப்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வாசிப்பு பள்ளிக்கு வெளியே இருந்தது. 1924இல் தமிழ் நேசன் கோலாலம்பூரில் தொடங்கியது. 1935இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு சிங்கப்பூரில் பிறந்தது. ஒரு பத்திரிகை ஒரு தோட்டத்துக்கு வந்தால் அதைப் படிப்பவர் ஒருவர், கேட்பவர் இருபது பேர். முடிவெட்டும் இடத்திலும் கள்ளுக்கடைக்குப் போகும் வழியிலும் கோயில் திண்ணையிலும் செய்தி உரக்கப் படிக்கப்பட்டது. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள், நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும், இரவு நேரத்தில் விளக்கைச் சுற்றி இராகம் போட்டுப் படிக்கப்பட்டன. எழுத்தறியாத பாட்டி அந்தக் கதையை மனப்பாடமாகச் சொல்லுவாள். படிக்கிறவர் ஓர் அடியை விட்டுவிட்டால் திருத்துவாள். இப்படிப் பார்த்தால் வாசிப்பு அங்கே கூட்டுத் தொழிலாக இருந்தது. பள்ளி நூலகம் பிற்காலத்தில் வந்தபோது “சத்தம் போடாதே” என்ற பலகையோடு வந்தது. கேட்டு ருசித்துப் பழகிய ஒரு சமுதாயத்தின் பிள்ளையை, தனியாக, வாயசையாமல் படி என்று உட்கார வைத்தால் முதல் நாளே அவனுக்குக் கொட்டாவி வராதா?

ஜப்பானியர் ஆட்சியில், 1941 இறுதியிலிருந்து 1945 வரை, பள்ளியும் போயிற்று, பலருக்கு உயிரும் போயிற்று. சயாம் மரண ரயில் தோட்டப்புறத்திலிருந்து கொண்டுபோன ஆண்கள் எத்தனை வீடுகளுக்குத் திரும்பவில்லை என்பது வேறொரு நாள் பேச வேண்டிய செய்தி.

போருக்குப் பிந்திய பத்தாண்டுதான் மலாயாத் தமிழர் வாசிப்பு வரலாற்றின் பொற்காலம் என்று சொன்னால் மிகையில்லை. 1950இல் தமிழ் நேசன் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகியோரைக் கொண்டு கதை வகுப்பு நடத்தியது. பத்திரிகை வாசகனுக்கு அஞ்சல் வழியாகவே எழுதக் கற்றுக்கொடுத்த முயற்சி அது. தோட்டத்து ஆசிரியர்களும் கிராணிகளும் அதில் சேர்ந்து எழுத்தாளர்களானார்கள். தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் பள்ளிப் பிள்ளையின் பெயரை அச்சில் காட்டியது. தன் பெயரை அச்சில் பார்த்த பிள்ளை அடுத்த வாரப் பத்திரிகையை எப்படித் தேடியிருப்பான் என்று சொல்லத் தேவையில்லை. வாசிப்பை வளர்க்க இதைவிட மலிவான உத்தியை எந்த அமைச்சும் பிறகு கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. சென்னையிலிருந்து அம்புலிமாமா வந்தது. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் ஒன்றிணைந்து உருவானது. அதன் சங்கமணி வார இதழ் லயங்களுக்குள் நுழைந்தது. சட்டம், கூலி, உரிமை என்று தன் வாழ்க்கையையே அச்சில் படிக்கும் வாய்ப்புத் தொழிலாளிக்குக் கிடைத்தது.

அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அங்கே முதன்மை பெற வேண்டியது சமஸ்கிருதமா தமிழா என்ற வாதம் மூண்டது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்தைப் பரிந்துரைத்தார். சாரங்கபாணி கொதித்தெழுந்தார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பால்மரம் சீவுகிறவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் தந்த வெள்ளிகள் அதில் உண்டு. 1956இல் தொடங்கிய துறையில் தமிழ் இடம் பெற்றது. திரட்டிய பணம் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல்களுக்குப் போனது. பின்னர் துறை கோலாலம்பூருக்கு வந்தது. அங்கே பணியாற்றிய இராம. சுப்பையா, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடிப் பட்டியலிட்டு 1969இல் நூலாக வெளியிட்டார். இன்றும் ஆய்வாளர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

பெருமைப்பட வேண்டிய வரலாறு, ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியாது. ஒரு வெள்ளி தந்த தொழிலாளி அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குள் என்றைக்காவது காலடி வைத்திருப்பாரா? அவர் பிள்ளை படித்த தோட்டப் பள்ளியின் அலமாரியில் அப்போது எத்தனை புத்தகம் இருந்திருக்கும்? சமுதாயம் தன் மொழியின் உச்சிக்கு மாலை போட்டது சரிதான். அடிவாரத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், தோட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டது. இருவரும் பார்த்துக்கொண்டார்கள்தான், ஒருவர் முகத்தை ஒருவர்.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதால் பல பள்ளிகள் மறைந்தன. வேறு பல இணைக்கப்பட்டன. இன்றைக்கு ஐந்நூற்றுச் சொச்சம். கேமரன் மலையில் தானா ராத்தா, ரிங்லெட் போன்ற ஊர்ப் பள்ளிகளோடு, போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும் பெயர் பெற்றன. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்றால் பள்ளி ‘பகுதி உதவி’ பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசு தரும். கட்டடத்துக்குப் பெற்றோரும் வாரியமும் நன்கொடையாளரும் அலைய வேண்டும். இதில் முதலில் அடிபடுவது எது? வகுப்பறையை யாரும் குறைக்க முடியாது. கழிப்பறையைக் குறைக்கக் கூடாது. ஆக, ஒதுக்கப்படுவது நூலக அறை. பல பள்ளிகளில் நூலகமும் கூட்ட அறையும் மழை நாளின் உடற்பயிற்சிக் கூடமும் ஒரே அறையாக இருந்ததை முன்னாள் மாணவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

1975இல் வந்த பாடநூல் இரவல் திட்டம் ஏழை வீடுகளுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அந்தப் புத்தகம் ஆண்டிறுதியில் திரும்பிப் போய்விடும். வீட்டில் நிலையாகத் தங்கும் புத்தகம் நாட்காட்டி ஒன்றுதான். இந்த நிலையில் ஆரம்பப் பள்ளியைத் தமிழில் முடித்த பிள்ளை, மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும் முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிக்க வேண்டியிருந்தது. அங்கே தடுக்கி விழுந்தவர்கள் ஏராளம். பதினைந்து, பதினாறு வயதில் பள்ளியை விட்டுத் தோட்டத்துக்கே திரும்பியவர்களின் கதை தேயிலை மலையிலும் உண்டு, ரப்பர்க் காட்டிலும் உண்டு. ஆரம்பப் பள்ளியில் மலாய்க் கதைப்புத்தகத்தை விருப்பத்தோடு படித்துப் பழகிய பிள்ளைக்கும், பாடப்புத்தகத்தில் மட்டுமே மலாயைச் சந்தித்த பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு அந்த ஓராண்டில் வெளிப்பட்டுவிடும். தமிழ்ப்பள்ளி நூலகம் மும்மொழி நூலகமாக இருக்க வேண்டிய காரணம் இதுதான். தமிழ் நூலைக் குறைத்து மலாய் நூலை வை என்பதல்ல பொருள். தாய்மொழியில் கதை படிக்கத் தெரிந்தவனுக்கே அடுத்த மொழியில் கதை தேடும் ஆசை வரும். மூன்றுக்கும் இடம் வேண்டும்; மூன்றுக்கும் பணம் வேண்டும்.

1980களில் பள்ளி நூலகம் ‘வள மையம்’ ஆயிற்று. பெயர் மாறியதோடு ஒலிநாடாவும் படச்சுருளும் வந்தன. 1999இல் ‘நிலாம்’ வாசிப்புத் திட்டம் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. மாணவர் ஒரு புத்தகத்தைப் படித்ததும் அதன் தலைப்பு, ஆசிரியர் பெயர், சுருக்கம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். எண்ணிக்கை கூடக் கூட வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தகுதி உயரும். நல்ல நோக்கம். புத்தகத்தையே தொடாத பிள்ளையைத் தொட வைத்தது என்ற வகையில் இந்தத் திட்டத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எண்ணிக்கை என்று வந்துவிட்டால் நம் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பின்னட்டையைப் பார்த்து எழுதுவது, நண்பனின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுவது, எட்டுப் பக்கப் புத்தகமாகத் தேடித் தேடி எடுப்பது என்று வித்தைகள் பிறந்தன. சிறிய பள்ளியில் தமிழ்ப் புத்தகம் குறைவு. நரியும் காகமும் வடையும் ஒரே குறிப்பேட்டில் நாலு முறை வந்தால் அதற்குப் பிள்ளையை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

முழுநேர நூலக ஆசிரியர் என்ற கொள்கை 2005 வாக்கில் வந்தது. அது பெரிய பள்ளிக்குப் பொருந்தும். 150 மாணவருக்கும் குறைந்த பள்ளியில் நூலகப் பொறுப்பாசிரியர் கணிதமும் நடத்துவார், மாலையில் பந்து விளையாட்டையும் பார்ப்பார். இரண்டு வகுப்புகளைக் கூட்டி ஒரே அறையில் நடத்தும் நிலையும் உண்டு. அவர் எப்போது அட்டை எழுதுவார், எப்போது கிழிந்த புத்தகத்தை ஒட்டுவார்? கேமரன் மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு: ஈரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி சன்னல் வழியாக அறைக்குள் நுழையும் ஊரில், அடைத்து வைத்த காகிதம் பூசணம் பிடிக்கும். அங்கே புத்தகத்தைக் காப்பாற்ற நல்ல வழி அதைக் கையிலிருந்து கைக்குச் சுற்ற விடுவதுதான். பூட்டினால் கெடும்.

இத்தனைக்கும் நடுவில், வகுப்பின் மூலையில் வாசிப்பு மூலை, காலை ஒன்றுகூடலில் ஒரு பிள்ளை எழுந்து நின்று சொல்லும் கதை, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குப் படித்துக் காட்டும் பத்து நிமிடம் என்று செலவில்லாத வழிகளைப் பல தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கையாண்டு வருகிறார்கள். இவற்றில் வெற்றி பெறுவது எதுவென்று பார்த்தால், பெரும்பாலும் உரக்கப் படிப்பதுதான். தோட்டத்துத் திண்ணையில் இருந்த பழைய பழக்கம் பள்ளிக்குள் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவே.

இலங்கை மலையகத்தில் நடந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். அங்கும் தேயிலை, அங்கும் லயம், அங்கும் ஒற்றை ஆசிரியர் பள்ளி. தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்றது 1970களில்தான். ஆயினும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, ஆசிரியராகி, 1947இல் நாடாளுமன்றம் சென்று, எழுத்தாளராகவும் புகழ்பெற்றார். கொழுந்து பறிப்பவர் பாடிய பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. மலையகப் பிள்ளை நூலகத்தில் கைவைத்தால் தன் பாட்டியின் பாட்டையே அச்சில் காணலாம். மலேசியாவில் முத்தம்மாள் பழனிசாமி ‘நாடு விட்டு நாடு’ என்று தன் குடும்பக் கதையை எழுதினார். கேமரன் மலைப் பாட்டிகளின் பாட்டும் கதையும் எந்த அலமாரியில் இருக்கின்றன?

காலம் இதற்குக் காத்திருக்கவில்லை. இன்று தேயிலை மலையில் கொழுந்து வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். கூடையும் விரலும் போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. தமிழ்க் குடும்பங்கள் தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் தலைநகருக்கும் இறங்கிவிட்டன. 1988 முதல் ஆரம்பப் பள்ளியை ஆட்டிப் படைத்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளை பயிற்சிநூல் அல்லாத புத்தகத்தைக் குற்றவுணர்வின்றி எடுக்கலாம் என்ற நிலை பல ஆண்டுகளுக்குப் பின் வந்திருக்கிறது. தொண்ணூற்று நான்கு ஆண்டுகளைக் கடந்த தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. வீட்டுக்கு வந்த அச்சுத்தாள் ஒன்று குறைந்தது. வாசிப்புப் பதிவும் குறிப்பேட்டிலிருந்து இணையத்துக்கு மாறியிருக்கிறது. மலை மடிப்பில் தொலைபேசி அலை கிடைக்காத வீட்டுப் பிள்ளை, படித்த புத்தகத்தைப் பதிவு செய்யவும் பள்ளிக்குத்தான் வர வேண்டும்.

ஒரு தோட்டப் பள்ளி இடம் மாறும்போதும் இணைக்கப்படும்போதும் மேசை நாற்காலிகளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். பழைய சேர்க்கைப் பதிவேட்டுக்கும், தலைமையாசிரியர் குறிப்பேட்டுக்கும், பூச்சி அரித்த முதல் புத்தகங்களுக்கும் பல இடங்களில் பட்டியல் இல்லை. கப்பலேறி வந்த குடும்பத்தின் முதல் பள்ளிப் பிள்ளை யார், அவன் தகப்பன் எந்தப் பிரட்டில் வேலை செய்தான், எந்த வயதில் பள்ளியை விட்டு நின்றான் என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில், அந்தக் காலத்து வாத்தியாரின் சாய்ந்த கையெழுத்தில் இருக்கும். பெரட்டுப் புத்தகத்துக்குப் பிறகு தோட்டத் தமிழனின் பெயர் எழுதப்பட்ட இரண்டாவது இடம் அது. கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகளில் எஞ்சியிருக்கும் அத்தகைய ஏடுகளைப் படியெடுத்து நூலகத்தின் ஒரு தட்டில் வைக்கப் பெரிய செலவு ஆகாது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு தவணைக்குள் செய்து முடித்துவிடுவார்கள். தாத்தாவின் பெயரைக் கண்டுபிடிக்கும் போட்டி என்றால் குறிப்பேட்டில் யாரும் நண்பனைப் பார்த்து எழுத மாட்டார்கள்.